காட்டுப்பன்றிக்குக் கைத்துப்பாக்கி வாங்கலாமா?

மலையடிவார ஊர்களில் நிலக்கடலைக் கூட்டம் போட்டால், விதைநேர்த்தி, ஜிப்சம், ஊடுபயிர் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக எழும் கேள்வி பன்றியைப் பற்றியதாகத்தான் இருக்கும். சமீபகாலமாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சார், லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வச்சிக்கிட்டா என்ன?"

இதைக் கேட்டவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் மானாவாரிக் கடலை. காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் பரணில்தான் படுக்கை. டார்ச், தகரம், வெடி எல்லாம் கையில் இருக்கும். ஆனாலும் கண் அசந்த ஒரு ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். போன பட்டத்தில் பக்கத்து நிலத்துக்காரரைத் தொடையில் குத்திக் கிழித்துவிட்டது. அதிலிருந்து இவருக்குப் பரணை விட்டு இறங்கவே பயம்.

"நாட்டுத் துப்பாக்கி வேணாம் சார். இடுப்புல வச்சிக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு. நாமளா போய்ச் சுடப்போறதில்ல. பாய வந்தா மட்டும்தான்" என்றார். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் இடுப்பில் ரிவால்வர் வைத்திருக்கும் வீடியோவை மகன் காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னந்தோப்பில் டப்பா வைத்துச் சுட்டுப் பழகலாம் என்று அவனுக்கு ஆசை. அப்பாவுக்குப் பாதுகாப்பு, மகனுக்கு விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. இருட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் மனிதர் கேட்கிற நியாயமான கேள்வி அது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிளில் சுட்டுப் பழகியவன் என்பதால், அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த வீடியோக்களின் ஊர் நிலவரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பயிரை அழிக்கும் பன்றியும் நம் காட்டுப்பன்றியும் ஒரே இனம்தான். ஆனால் அங்கே அது வெளியிலிருந்து வந்த விலங்கு, சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2019 முதல், நிலத்துக்காரரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் வேட்டை உரிமம்கூட இல்லாமல் சுடலாம். அங்கேயும் வேட்டைக்காரர் பன்றியைச் சுடுவது தோளில் வைத்துச் சுடும் ரைபிளில்தான். இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி, அடிபட்ட விலங்கு புதரிலிருந்து திரும்பிப் பாய்ந்தால் கடைசிக் கைக்காவலுக்கு மட்டும்.

அந்த வேலைக்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது .44 மேக்னம் போன்ற பெரிய தோட்டா போடும் ரிவால்வர். ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். சுட்டால் மணிக்கட்டைத் தூக்கி அடிக்கும். பொழுதுபோக்காகக் குறி பழகுவதற்கோ .22 வைத்திருப்பார்கள். தோட்டா விலை குறைவு, உதைப்பு குறைவு, நாள் முழுக்கப் பழகலாம். பாய்கிற விலங்கை நிறுத்தும் துப்பாக்கியில் நூறு தோட்டா சுட்டுப் பழக முடியாது. நூறு தோட்டா சுட்டுப் பழகக்கூடிய துப்பாக்கியால் பாய்கிற விலங்கை நிறுத்த முடியாது. ஏர் உழவும் வண்டி ஓடவும் ஒரே மாட்டை நம்பலாம், துப்பாக்கியில் அது நடக்காது.

நம் நாட்டில் உரிமம் பெற்ற சாதாரணக் குடிமகன் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 தான். 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட வகை. அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரே ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். அந்தத் தோட்டாவின் விசை சுமார் 150 ஜூல். .44 மேக்னத்தின் விசை ஆயிரம் ஜூலுக்கு மேல். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம்போலத் தடித்த தோல் இருக்கும். .32 அதைக் காயப்படுத்தும், ஆனால் நிறுத்தும் என்று நம்பி எதிரே நிற்க முடியாது. காயம்பட்ட பன்றி, காயம்படாத பன்றியைவிடப் பல மடங்கு ஆபத்து என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறி வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. சுடும்போது கை ஒரு டிகிரி விலகினால், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 25 மீட்டரில் 44 சென்டிமீட்டர். ஒரு கையில் டார்ச், மறு கையில் துப்பாக்கி, காலடியில் வரப்பு, நெஞ்சில் படபடப்பு. ஒரு டிகிரியா விலகும்? பன்றி முழு வேகத்தில் வந்தால் பத்து மீட்டரைக் கடக்க ஒரு விநாடி போதும்.

குறி தவறிய குண்டு எங்கே போகும் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. மிகச் சிறிய .22 தோட்டாப் பெட்டியிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை போகலாம் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். டெக்சாஸ் பண்ணையில் ஒன்றரை மைலுக்கு ஆளே இல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் அடுத்த நிலத்திலேயே இன்னொருவர் பரணில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கடுத்து ஆட்டுப்பட்டி. அதைத் தாண்டினால் முதல் பேருந்தைப் பிடிக்கப் பால் கேனோடு போகிறவர்கள். ஒரு பட்டத்துக் கடலை போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான துப்பாக்கிக்கு அனுமதிக்கலாம். அந்த இடத்தில் கைத்துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. அதற்கு வேறு தக்க காரணம் காட்ட வேண்டும். மனு, காவல்துறை விசாரணை, பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்கும் வசதி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்று வேலை நீளும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றிக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுடும் உரிமை அதோடு வந்துவிடாது. இரண்டும் வேறு வேறு சட்டம். பலர் குழம்புவது இங்கேதான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு, காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, சுருக்கு வைப்பதும், கொல்ல முயல்வதும்கூட வேட்டைதான். பயிருக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் சுட அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும், அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும்தான். உயிருக்கே ஆபத்தான நேரத்தில் தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமாகாது. ஆனால் இறந்த விலங்கு அரசாங்கச் சொத்து.

கேரளாவில் 2022 முதல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், சுடுவது வனத்துறை. நீங்களோ நானோ இல்லை.

கூட்டத்தில் மைக் பிடித்து நான் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பூச்சிமருந்துப் பெட்டிக்குப் பூட்டு போடுங்கள் என்று எங்கள் துறையில் திரும்பத் திரும்பச் சொல்வது குழந்தைகளுக்காக மட்டும் இல்லை. விளைச்சல் போய், நகை அடகில் மூழ்கி, வீட்டுக்குள் பேச்சே நின்றுபோன ஒரு ராத்திரியில், கை எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது முக்கியம். வரப்புத் தகராறு முற்றிய நேரத்திலும், குடித்துவிட்டு வந்த நேரத்திலும் அப்படியே. பன்றி வருவது வருடத்தில் இரண்டு மாதம். துப்பாக்கி வீட்டில் இருப்பது பன்னிரண்டு மாதமும். அந்த நண்பரிடம் இதைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல அவகூட இதையேதான் சொன்னா சார்" என்றார்.

மகனின் ஆசையை மட்டும் நான் தடுக்கவில்லை. குறி பழகுவது நல்ல விளையாட்டு. கையையும் மூச்சையும் மனதையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவரும். அதற்கு இடம் தென்னந்தோப்பு இல்லை, ரைபிள் கிளப். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இருக்கின்றன. தொடங்குவதற்கு 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் போதும். பத்து மீட்டர் போட்டியில் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஒரு கையால் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் பிரிவிலும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்புப் பிரிவிலும் வெண்கலம் வென்றது இந்த ஏர் பிஸ்டலில்தான். விசை குறைந்த 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பதற்காக அதைத் தோப்புக்கு எடுத்துப்போய் புறாவையும் மயிலையும் சுட்டால் அதுவும் வேட்டைக் குற்றம்தான்.

சரி, பன்றிக்கு என்ன வழி? நான் பார்த்தவரையில் காசுக்குப் பலன் தருவது சூரியசக்தி மின்வேலி. அது விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரம். அதிரவைக்கும், கொல்லாது. பன்றிக்கு முதல் கம்பி தரையிலிருந்து முக்கால் அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் மூக்கை நுழைத்துவிடும். கம்பிக்கு அடியில் புல் வளர்ந்து தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். காட்டை ஒட்டிய நிலமென்றால் வேலி போடும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தனி ஒருவராகப் போட்டால் செலவு அதிகம், பன்றியும் பக்கத்து நிலத்துக்குத் திரும்பும். நாலைந்து பேர் சேர்ந்து சுற்றிப் போட்டால் ஆளுக்கு ஆகும் செலவு ஒரு கைத்துப்பாக்கி விலையில் சிறு பங்குதான்.

மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அதில் பன்றியோடு யானையும், தண்ணீர் கட்டப் போன மனிதரும் செத்திருக்கிறார்கள். அவுட்டுக்காயும் அப்படித்தான். அதைக் கடிப்பது பன்றியா, உங்கள் வீட்டு மாடா என்று அதற்குத் தெரியாது.

சேதம் நடந்தால் மறுநாள் காலையிலேயே, மண்ணைச் சரிசெய்யும் முன் படம் எடுங்கள். பட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனு எதுவும் வராத ஊரில் பன்றித் தொல்லையே இல்லை என்றுதான் கோப்பு சொல்லும். வேலி அமைப்பதில் சந்தேகம் இருந்தால் இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். என்ன பயிர், எத்தனை ஏக்கர், காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அது தெரிந்தால்தான் எத்தனை கம்பி, எவ்வளவு செலவு என்று சரியாகச் சொல்ல முடியும்.