பெயர் சொல்லாத பையன்

1896 செப்டம்பர் 1, காலை. திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தனியாக இறங்கினான். அதன்பின் பல மாதங்கள் அவன் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எந்த ஊர், யார் பிள்ளை என்பதும் தெரியவில்லை. கோயிலுக்கு வந்து போனவர்கள் ஒரு குத்துமதிப்பில் 'பிராமண சாமி' என்று வைத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர்தான் அந்தப் பையன். அடியார்கள் இதை ஞானத்தின் தொடக்கமாகப் படிக்கிறார்கள். நான் இதைக் காணாமல்போன ஒரு பிள்ளையின் வழக்காகப் படிக்கத் தொடங்கினேன். வீட்டில் சொல்லாமல் கிளம்பி, முன்பின் தெரியாத ஊருக்குப் போய், பெயர்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை இன்று மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனால், அவர் முதலில் எதைச் சந்தேகிப்பார்? நினைவிழப்பைத்தான். 'டிசோசியேட்டிவ் ஃபியூக்' என்று அதில் ஒரு வகை உண்டு. தன்னை மறந்த நிலையில் ஊரை விட்டுப் போவது அது.

அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, நம் பையன் கிளம்புவதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தையது. 1887 ஜனவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆன்செல் போர்ன் என்ற போதகர் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு காணாமல் போனார். பென்சில்வேனியாவில் ஏ. ஜே. பிரவுன் என்ற பெயரில் சிறு கடை வைத்து நடத்தினார். மார்ச் 14 அன்று விழித்தெழுந்தவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. இடைப்பட்ட இரண்டு மாதங்கள் நினைவிலிருந்து அடியோடு போயிருந்தன. 1890இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அவரை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தியபோதுதான் அந்தப் 'பிரவுன்' மீண்டும் வெளிவந்து பேசினார். நமக்கு இதெல்லாம் சினிமா வழியாகத்தான் பழக்கம். 'மூன்றாம் பிறை'யில் பழைய நினைவு திரும்பியதும், தன்னைப் பராமரித்தவனையே அந்தப் பெண் மறந்துவிடுகிறாள். போர்னுக்கும் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஆக, சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் கிடைத்தன. பையனுக்குத் தன் பழைய வாழ்க்கை மறந்திருந்ததா? பின்னாளில், அந்த மாதங்கள் அவர் நினைவிலிருந்து போய்விட்டனவா?

முதல் சான்று, வீட்டில் அவன் விட்டுச்சென்ற சீட்டு. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில், இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொன்ன தண்டனையைச் செய்துகொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று சொல்லித் தம்பி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். அவன் மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். யாரும் கவலைப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதியவன், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறக்காமல் குறித்திருந்தான். தன்னை மறந்தவன் எழுதும் கடிதமா இது? ஆனால் ஒன்று விசித்திரம். 'நான்' என்று தொடங்கும் அந்தச் சீட்டு, போகப்போக எழுதியவனையே 'இது' என்று குறிப்பிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

இரண்டாவது சான்று, பயணம். பழைய அட்லஸைப் பார்த்து, அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று கணக்குப் போட்டு 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பதை வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். விழுப்புரத்தில் இறங்கி, காசுக்கு எட்டிய தூரம் மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அங்கிருந்து நடந்தான். கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மீண்டும் ரயிலேறினான். வழி கேட்டு, காசு எண்ணி, கடன் வாங்கி நடந்த பயணம் இது. ஆனால் அடகுச் சீட்டை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டான். திரும்பிப் போகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

திருவண்ணாமலையில் அவன் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். மிச்சக் காசை வீசியெறிந்த ஐயன்குளம், முதலில் உட்கார்ந்த ஆயிரங்கால் மண்டபம், சிறுவர்களின் கல்லடிக்குத் தப்பி இறங்கிய பாதாள லிங்கம். இன்று பாதாள லிங்கம் சீரமைக்கப்பட்டு வெளிச்சமாக இருக்கிறது. 1949இல் ராஜாஜி திறந்துவைத்தார். அன்று அது ஈரமும் இருட்டும் நிறைந்த குழி. தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாகி, சீழும் இரத்தமும் வடிந்தபோதும் பையன் அசையவில்லை. அதே ஊரிலிருந்த துறவி சேஷாத்திரி சுவாமிகள் தம்மால் ஆனமட்டும் காவல் இருந்தார். கடைசியில் வேங்கடாசல முதலியார் என்பவர் ஆட்களோடு இறங்கித் தூக்கி வந்தார். தூக்கி வந்தவர்களுக்கும் அவன் யாரென்று தெரியாது.

பெயர் வெளிவந்த இடம் குருமூர்த்தம். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது "கீழ்நாத்தூரா சார்?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணாமலைத் தம்பிரான் என்பவர் அழைத்துப்போய், 1897 பிப்ரவரி முதல் பையன் அங்கே தங்கியிருந்தான். தாலுகா அலுவலகத்துத் தலைமைக் கணக்கர் வேங்கடராமய்யர் தினமும் வந்து பார்ப்பார். ஒருநாள் அவர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். பெயரும் ஊரும் தெரியாமல் எழுந்திருக்கமாட்டேன், வேலை போனாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி என்றார். கடைசியில் பையன் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினான்: வேங்கடராமன், திருச்சுழி.

கணக்கருக்கு அந்த ஊர் பிடிபடவில்லை. உடனே பையன், பணிவிடை செய்துவந்த பழனிசாமியிடம் இருந்த பெரிய புராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலமான திருச்சுழியின் பெயரைச் சுட்டிக் காட்டினான். பள்ளிக்கூட ஆங்கிலமும் மறக்கவில்லை, பிறந்த ஊரின் பெருமையும் மறக்கவில்லை.

இதற்குள் வீட்டார் அலைந்து ஓய்ந்திருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஏதோ நாடகக் குழுவில் இருக்கிறான் என்று கிளம்பிய வதந்தியை நம்பி அங்கேயும் போய்த் தேடினார்கள். உண்மைத் தகவல் வேறு வழியாக வந்தது. அண்ணாமலைத் தம்பிரான் மதுரையில் ஒரு மடத்தில் திருவண்ணாமலையின் இளம் சாமியைப் பற்றிப் பேச, அங்கிருந்த ஓர் இளைஞர் திருச்சுழி என்ற பெயரைக் கேட்டதும் விசாரித்துவிட்டுக் குடும்பத்திடம் ஓடினார். கணக்கர் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சில் ஊர்ப்பெயர் வந்திருக்காது.

சித்தப்பா நெல்லையப்பய்யர் 1898இல் திருவண்ணாமலைக்கு வந்தார். பையன் அப்போது ஒரு மாந்தோப்பில் இருந்தான். தோப்புக்காரர் உள்ளே விடவில்லை. கையில் கிடைத்த காகிதத்தில் தன் பெயரை எழுதி அனுப்பினார் சித்தப்பா. பையன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பதிவுத்துறை அலுவல் குறிப்பு. எழுத்து அண்ணன் நாகசாமியுடையது. அண்ணனுக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நொடியே ஊகித்துக்கொண்டான்.

என் முதல் கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. இரண்டாண்டுக்குப் பிறகும் அண்ணனின் கையெழுத்தை அடையாளம் கண்டவனுக்கு நினைவிழப்பு இல்லை. இரண்டாம் கேள்விக்கும் அதே விடைதான். பி. வி. நரசிம்ம சுவாமி எழுதி 1931இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு, ரமணர் தாமே நினைவுகூர்ந்து சொன்னவற்றைக் கொண்டது. ரயில் கட்டணம் முதல் வழியில் கிடைத்த சாப்பாடு வரை அதில் இருக்கிறது. மௌன விரதம் எதுவும் எடுக்கவில்லை, பேசத் தோன்றவில்லை என்றுதான் பின்னாளில் அவர் சொன்னார்.

அப்படியானால் அவன் எதைத் தொலைத்தான்? கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன், 1896 ஜூலையில், மதுரை வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டபோது, பிணம்போல் படுத்து, சாவது யார் என்று தனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறான். அதன்பின் வேங்கடராமன் என்ற பெயரும் வரலாறும் நினைவில் அப்படியே இருந்தன. 'அதுதான் நான்' என்கிற ஒட்டுதல் மட்டும் விட்டுப்போனது. போர்னுக்கு நினைவு போய் வேறு பெயர் வந்தது. இவனுக்கு நினைவு இருந்தும் பெயர் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அவனுக்கு வேண்டாமல் போன பெயர் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. 1898 டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனோடு வந்து, பவழக்குன்றில் மகனைக் கண்டு அழுது கெஞ்சினார். அவன் எழுதிக்கொடுத்த பதிலோடு திரும்பினார். 1916இல் வந்து மகனோடே தங்கி, 1922 மே 19 அன்று மறைந்தார். அவருடைய சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. ரமணர் என்ற பெயர்கூட அவரே சூட்டிக்கொண்டதல்ல. 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் வேங்கடராமன் என்பதைச் சுருக்கி வைத்தது.

இந்தத் தேடலில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தவர் அந்தத் தாலுகா கணக்கர்தான். ஒருவருடைய அடையாளத்தில் பாதி அவரிடம் இருக்கிறது. மறுபாதி அவரை அறிந்தவர்களிடம் இருக்கிறது. நினைவே போய்விட்ட ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ அந்த மறுபாதிதான் மிச்சம். இரண்டையும் சேர்த்துவைக்க, விடாமல் கேட்கிற ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும்.

அந்த வேலையை இன்று சட்டம் காவல்நிலையத்திடம் கொடுத்திருக்கிறது. மனநோயோடு ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற ஊர் திருவண்ணாமலை. பெயர் சொல்லத் தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைக் கண்டால், கையில் காசைப் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். நின்று, பெயரையும் ஊரையும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணை அழையுங்கள்.