பஸ்ராவுக்குப் போனவர்

எங்கள் வீட்டில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி. முதல் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்து மெசபடோமியாவுக்குக் கப்பலேறியவர். ஊர்வாயில் அது பஸ்ரா. ஆள் திரும்பவில்லை. ஒரு வெண்கலத் தட்டும் இரண்டு மெடலும் வந்தன.

தட்டு ஐந்து அங்குல விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் வடித்தது. போரில் மாண்டவர்களின் வீடுகளுக்கென்று 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்களாம். மலர்வளையம் ஏந்தி பிரிட்டானியா நிற்பாள், பக்கத்தில் சிங்கம். அத்தைப்பாட்டிக்கு பிரிட்டானியாவைத் தெரியாது. சிங்கத்தோடு நின்றால் அம்மன்தான். வெள்ளிக்கிழமையானால் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, சாமிப் படங்களுக்கு நடுவே சாய்த்து வைப்பார். அந்தத் தட்டுக்கு இதைவிட நல்ல மரியாதை லண்டனிலும் கிடைத்திருக்காது.

ஓரமாக ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவர் பெயர் மேடாக எழும்பி நிற்கும். பெயர் மட்டும்தான். தளபதியானாலும் சிப்பாயானாலும் பதவி போடக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. அப்போது நான் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கவில்லை. முதல் எழுத்து குடிசைக் கூரை மாதிரி கூம்பி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் விரலில் மிச்சம்.

ராஜா தலை போட்ட வெள்ளி மெடல் ஒரு கல்யாணத்தில் கொலுசாகிவிட்டது. வீட்டுப் பெண் காலில்தானே கிடந்தது, போகட்டும். ரெக்கை வைத்த பெண் உருவம் கொண்ட இன்னொன்று பாகப்பிரிவினையில் யார் பெட்டிக்குப் போனதோ. தட்டுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்தபோது, மற்ற ஓட்டை உடைசல்களோடு பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு குடம் வாங்கியிருந்தார்கள்.

மெசபடோமியாவில் கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக 1929-ல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் இந்தப் படையில் இத்தனை பேர் என்ற கணக்கோடு சரி. அவர்கள் 33,000 பேருக்கும் மேல். எங்கள் வேலூர்ப் பக்கத்து ஊர்க் கல்வெட்டும் அப்படித்தான்: இங்கிருந்து மகாயுத்தத்துக்குப் போனவர் இத்தனை, உயிர் கொடுத்தவர் இத்தனை. மெடல்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும் என்பதே ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

தை அமாவாசைப் படையலில் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர் முறை வரும்போது, "பட்டாளத்தாரே, வாங்க." கூரை போட்ட எழுத்து என்றால் அண்ணாமலை என்கிறார் பெரியப்பா. அத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஆறுமுகம்தானாம். இல்லாவிட்டால் அவருக்குப் பிறகு நம் வீட்டில் தலைமுறைக்கு ஒரு ஆறுமுகம் எங்கிருந்து வந்தான் என்று கேட்பார். அது வள்ளிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்பார் பெரியப்பா. இலையில் சோறு ஆறும்வரை இது ஓயாது. நான் அத்தை கட்சி.