பசி தாங்கும் செடியும் அதன் சொந்தக்காரரும்

ஆபிரிக்காவின் தெற்கே பொட்ஸ்வானா, நமீபியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்து கிடக்கிறது கலஹாரி. செம்மணல் மேடுகளும் முட்பற்றைகளும் நிறைந்த வரண்ட பூமி. இங்கும் இதனை அண்டிய கல்நிலங்களிலும் வளரும் செடி ஹூடியா. பார்வைக்குக் கள்ளி போல இருந்தாலும், இது நமது எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. முள் நிறைந்த சதைப்பிடிப்பான தண்டில், சிறு தட்டுப் போல விரிந்த தோல்நிறப் பூக்கள் பூக்கும். பூ அழகு, மணமோ அழுகிய இறைச்சியின் மணம். அதை நாடி வரும் ஈக்களே மகரந்தத்தைக் காவிச் செல்கின்றன.

இந்நிலத்தின் ஆதிக்குடிகள் சான் மக்கள். நெடுந்தூரம் வேட்டைக்குப் போகும்போது ஹூடியாத் தண்டின் முள்ளைச் சீவிவிட்டு, அதை மென்று பசியையும் தாகத்தையும் அடக்கிக் கொள்வார்கள். இவர்களும் இடம்பெயர்க்கப்பட்டவர்களே. 1931இல் கலஹாரியின் ஒரு பகுதி தேசிய வனப்பூங்கா ஆக்கப்பட்டது. பின்னர் அங்கு வாழ்ந்த கொமானி சான் மக்கள் வெளியேற்றப்பட்டுச் சிதறிப் போனார்கள். 1999இல்தான் அவர்களுக்குக் காணிகள் திரும்பக் கிடைத்தன.

இதற்கிடையில், பசியை அடக்கும் அந்தப் பொருளுக்குத் தென்னாபிரிக்க அரச ஆராய்ச்சி நிறுவனமொன்று 1996இல் காப்புரிமை பெற்றது. உடல் மெலியும் மருந்து செய்வதற்காக ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டது. பட்டினியைத் தாங்க உதவிய செடி, உண்டு கொழுத்தோருக்கு மருந்தாகப் போனது. சான் மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2001இல் அவர்கள் சான் பேரவை அமைத்து, சட்டத்தரணியின் துணையோடு பேசினார்கள். 2003 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆராய்ச்சி நிறுவனம் பெறும் உரிமைத் தொகையில் 6 வீதம் சான் மக்களுக்கு என முடிவாயிற்று.

எதிர்பார்த்த பெரும் பணம் வரவில்லை. 2008இல் யூனிலீவர் கம்பனி, பாதுகாப்பும் பயனும் போதாதெனக் கூறி இம்முயற்சியைக் கைவிட்டது. ஆனாலும் அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 2019இல் ரூயிபொஸ் என்னும் மூலிகைத் தேயிலைக்கும் சான், கொய் மக்கள் பங்கு பெற்றார்கள்.

சகோதரிகளே, எந்த இலை புண்ணாற்றும், எந்தக் கிழங்கு பஞ்சத்தில் உதவும் என்பது எங்கள் அம்மம்மாக்களுக்குத் தெரியும். வீடு இழந்தாலும் காணி இழந்தாலும் அந்த அறிவு கூடவே வரும். அதற்கும் சொந்தக்காரர் உண்டு. அதைக் கேட்டு எழுதி வைப்போம். எவரேனும் விலை பேச வந்தால், தனித்தனியாக அல்லாமல் சங்கமாகக் கூடியிருந்து பேசுவோம்.