கிராதர் மலையின் கசப்பு

அப்பாவுக்குக் கசப்பின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் கிள்ளான் வீட்டில் பாகற்காய், வெந்தயத் தண்ணீர், வேப்பங்கொழுந்து என்று ஏதாவது ஒன்று கசந்துகொண்டே இருக்கும். "வாய்க்குக் கசந்தா உடம்புக்கு நல்லதும்மா" என்பார்.

போன வருடம் அந்த வரிசையில் ஒரு பொட்டலம் சேர்ந்தது. யாரோ சொன்னார்கள் என்று மளிகைக் கடையில் வாங்கி வந்திருந்தார். மேலே ஆங்கிலத்தில் 'சிரெட்டா', தமிழில் 'நிலவேம்பு'. உள்ளே நறுக்கிய தண்டும் இலையும். அதைக் கொதிக்கவைத்து வடிகட்டி, தினமும் காலையில் சர்க்கரை மாத்திரையோடு குடிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், வானொலியில் என் காலை நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியை எடுத்தால் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. மருத்துவமனையில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை 2.8. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். "மாத்திரை தவிர வேறு என்ன எடுக்கிறார்?" என்று மருத்துவர் கேட்டார். "ஒரு கசப்புத் தண்ணி" என்றார் அம்மா. "எந்தச் செடி?" எங்கள் மூவருக்கும் பதில் தெரியவில்லை. "அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. என்னவென்றே தெரியாததைப் பற்றி நான் என்ன சொல்ல?" என்றார் அவர்.

அன்று மாலை அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அடுக்குமாடிக்குத் திரும்பினேன். வாசலில் இருக்கும் நேபாளி ஜாகா அதைப் பார்த்துவிட்டார். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்றுதான் கூப்பிடவேண்டும். பழகும்வரை எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தாய் தண்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, மலாயில் சொன்னார்: "இது எங்கள் சிராய்த்தோ இல்லை, பைனி. எங்களுடையது பழுப்பு. இது பச்சை." பைனி என்றால் தங்கை. அவருடைய ஊர் கிழக்கு நேபாளத்தில் சங்குவாசபா மாவட்டம். சிராய்த்தோ விளைச்சலுக்குப் பேர்போன மாவட்டம் அது. "நவம்பரில் போனால் என் அக்கா வீட்டு முற்றம் முழுக்கக் காயும்" என்றார்.

நவம்பரில் போனேன்.

கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டு நாலரை மணி நேரம். நம் கடிகாரத்தை இரண்டே கால் மணி நேரம் பின்னால் தள்ளவேண்டும். அந்தக் கால் மணி நேரக் கணக்கு எனக்குக் கடைசிவரை குழப்பம்தான். அங்கிருந்து சமவெளியில் இருக்கும் பிராட்நகருக்கு இன்னொரு சிறிய விமானம். பிறகு ஜீப். தரானைத் தாண்டியதும் சாலை மலையேற ஆரம்பிக்கிறது. தன்குட்டா, ஹிலே என்று ஊர்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரத்தில். ஹிலேயில் தேநீர்க் கடை வாசலில் நின்றபோது மேகம் விலகி, உலகின் ஐந்தாவது உயரமான மக்காலு சிகரம் தெரிந்தது. ஓட்டுநருக்கு அது பழகிப்போன காட்சி. அவர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பசந்தபூர். கிழக்கு மலைகளின் மூலிகைகள் கைமாறும் சந்தை ஊர். கிட்டங்கி வாசல்களில் துடைப்பக்கட்டுபோல் அடுக்கியிருந்த பழுப்புக் குச்சிகள்தான் சிராய்த்தோ. பெரும்பகுதி இந்தியாவுக்குப் போகிறது. கொஞ்சம் வடக்கே திபெத்துக்கும் போகிறது.

இதன் தாவரவியல் பெயர் சுவெர்ஷியா சிராயிதா. சுவெர்ஷியா என்பது நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் அடங்கிய பேரினம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இமானுவேல் ஸ்வீர்ட் என்ற டச்சுக்காரரின் நினைவாக வைத்த பெயர். ஜப்பானில் வளரும் இதன் உறவுக்காரச் செடிக்குச் 'செம்புரி' என்று பெயர். ஆயிரம் முறை வெந்நீரில் ஆட்டினாலும் கசப்புப் போகாது என்பது அதன் பொருள். சமஸ்கிருதப் பெயர் இன்னும் அழகு: 'கிராத திக்தம்', கிராதரின் கசப்பு. அர்ஜுனன் தவம் செய்தபோது சிவன் வேடனாக வந்தாரே, அந்தக் கிராத வேடம் நமக்குத் தெரியும். கிழக்கு நேபாளத்தின் ராய், லிம்பு மக்கள் இன்றும் தங்களைக் கிராத் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். யாருடைய மலையில் விளைந்ததோ, அவர்கள் பெயரையே செடி இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறது.

தாயின் அக்கா வீடு சைன்பூர் போகும் வழியில், சாலையிலிருந்து அரை மணி நேரம் நடந்து இறங்கவேண்டிய சரிவில் இருக்கிறது. நான் அவரை 'தீதி' என்று கூப்பிட்டேன். அக்கா என்று பொருள். தரானில் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் எனக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

சிராய்த்தோ பொறுமையைச் சோதிக்கும் பயிர். விதை தூசி மாதிரி. முதல் வருடம் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே கிடக்கும். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோதான் ஆள் இடுப்பளவுக்கும் மேலே எழும்பி, ஊதா படர்ந்த பசுமஞ்சள் நிறத்தில் நான்கு இதழ்ப் பூக்கள் பூக்கும். பூத்து விதைத்ததும் செத்துப்போகும். மருந்துக்கு முழுச் செடியையும் வேரோடு பிடுங்குவார்கள். காட்டில் இது அரிதாகிப்போனதற்குக் காரணமும் அதுதான். விதை உதிர்வதற்கு முன்பே பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறை கிடையாது. தீதி தன் நிலத்தில் ஒவ்வொரு வரிசையிலும் சில செடிகளைத் தொடாமல் விட்டிருந்தார். "இவை விதைக்கு. இவற்றுக்கு விலை கிடையாது" என்றார்.

ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தார். மென்றேன். முதல் இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு அடிநாக்கில் தொடங்கிய கசப்பு தொண்டைவரை இறங்கியது. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் கசந்தது. தீதியின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் அமரோஜென்டின் என்ற வேதிப்பொருள். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. ஒரு கிராமை 58,000 லிட்டர் தண்ணீரில் கரைத்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கசப்புக்கு உதாரணமாக நாம் சொல்லும் கொய்னாவைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொரு பொருள் சுவெர்ஷியமாரின். இது தமிழ்நாட்டுச் சமவெளியில் வளரும் வெள்ளருகிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மாமரத்தில் கண்டறிந்து மாமரத்தின் பெயரையே வைத்த மாஞ்சிஃபெரினும் இதில் உண்டு. சுவெர்சிரின் என்ற பொருள் எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. காய்ச்சல், கல்லீரல் கோளாறு, பசியின்மை ஆகியவற்றுக்கு ஆயுர்வேதமும் திபெத்திய வைத்தியமும் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துகின்றன. தீதி வீட்டில் காய்ச்சல் என்றால் இரண்டு குச்சியை இரவே ஊறப்போட்டு, காலையில் அந்த நீரைக் குடிக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் பெரிய அளவில் நடத்திய ஆய்வுகள் குறைவு. எவ்வளவு குடிக்கலாம், எந்த மாத்திரையோடு சேரக்கூடாது என்ற கேள்விகளுக்கு எலி பதில் சொல்லாது.

அப்பாவின் பொட்டலத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். தீதி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் குச்சி ஒன்றை ஒடித்துக் காட்டினார். உருண்டையான பழுப்புத் தண்டு, நடுவில் மஞ்சளான தக்கை. படத்தில் இருந்ததோ நான்கு பட்டையான பச்சைத் தண்டு. அது ஆண்ட்ரோகிராஃபிஸ், நம்முடைய நிலவேம்பு. மலாயில் 'ஹெம்பெடு பூமி', பூமியின் பித்தம். தமிழ்நாட்டில் டெங்கி பரவிய காலத்தில் ஊர் ஊராகக் கொடுத்தார்களே, ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீர், அதன் தலைமைச் சரக்கு.

பெயரில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சமஸ்கிருதத்தில் 'பூநிம்பம்' என்றால் நிலவேம்பு. அந்தப் பெயர் மலைச் செடிக்கும் உண்டு, சமவெளிச் செடிக்கும் உண்டு. ஆங்கிலத்தில் மலைச் செடி 'சிரெட்டா', நம்முடையது 'பச்சை சிரெட்டா'. மலைச் சரக்கு விலை அதிகம் என்பதால் சந்தையில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கலப்பதும் மாற்றுவதும் பழைய கதை. இரண்டும் வேறு வேறு தாவரக் குடும்பங்கள். நிலவேம்பில் இருப்பது ஆண்ட்ரோகிராஃபோலைட். சிராய்த்தோவில் அது கிடையாது. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் பிரித்துவிடலாம். நாக்கால் முடியாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மனித நாக்கில் இருக்கும் ஒரே கசப்பு உணர்வியை அமரோஜென்டினும் ஆண்ட்ரோகிராஃபோலைட்டும் தூண்டுவதைக் காட்டியது.

நிலவேம்பு மட்டமானது என்று சொல்லவரவில்லை. அதற்கும் தனி மருத்துவ மரபு உண்டு, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை அதற்கும் இருப்பதாக விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் பெயர் முக்கியம். ஏற்கெனவே சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், மேலும் குறைக்கக்கூடிய ஒன்றைப் பெயர் தெரியாமல், அளவு தெரியாமல் சேர்த்துக் குடித்தால் மருத்துவருக்கும் கண்ணைக் கட்டிவிட்டதுபோல்தான்.

சிராய்த்தோ வாங்கிக்கொண்டு வரவில்லை. செடி, விதை போன்றவற்றை நம் நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும். படங்களை மட்டும் கொண்டுவந்தேன். தாய் தன் அக்கா வீட்டு முற்றத்தின் படத்தைப் பெரிதாக்கி, காயும் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "போன வருடத்தைவிட அதிகம்" என்றார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் கசப்புதானே?" என்றார்.

"நாக்குக்குக் கசப்புதான்ப்பா. டாக்டருக்கு ரெண்டும் வேற வேற."

பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார். இரண்டு மாத்திரைகளின் பெயர், அதன் கீழே வெந்தயம், பாகற்காய்ச் சாறு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை டம்ளர் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: "நிலவேம்பு. மூன்று வாரம் குடித்தேன். நிறுத்திவிட்டேன்." மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவே ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்ல, அவர் குறித்துக்கொண்டார்.