பேர் தெரியாத மருந்து

இங்கே ஒஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். பார்க்கின்சன் நோய், கை நடுங்கும். போன சனிக்கிழமை அவர் வாசலில் பனி தள்ளிக் கொடுத்தேன். காபி கொடுத்தபடி, வைத்தியச் செலவு, மாத உதவித்தொகை எல்லாம் அரசாங்கம் தருகிறது என்றார்.

"அந்த மருந்தாலதான் வந்ததுன்னு எப்படி நிரூபிச்சீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். அவர் நிரூபிக்க வேண்டியதே இல்லையாம். வியட்நாமில் இருந்ததற்கு ராணுவப் பதிவு இருக்கிறது, நோய் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். சும்மா கிடைத்ததில்லை. ஏஜென்ட் ஆரஞ்சு தெளிப்பு 1971ல் நின்றது, சட்டம் வந்தது 1991ல், பார்க்கின்சன் பட்டியலில் சேர்ந்தது 2010ல். ரத்தக் கொதிப்பைச் சேர்க்க 2022 வரை ஆனது.

எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு ஏலத்தோட்டத்துக்குப் போவார். இருபது வருஷம் மருந்தடிக்கிற வேலை. கையுறை கிடையாது, மூக்கில் ஒரு துண்டு. இப்போது அவருக்கும் கை நடுக்கம். மருந்தால்தானா? எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. என்ன மருந்து என்று போனில் கேட்டேன்.

"மருந்துதாம்ப்பா. மொதலாளி குடுப்பாரு, அடிப்போம். பேரெல்லாம் யாரு பாத்தா?"

அதே கேரளாவில் காசர்கோட்டில் அரசு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே போராடிப் போராடி ஒரு பட்டியலாவது உருவானது. ஆளுக்கு 5 லட்சம், மூன்று மாதத்தில் கொடுங்கள் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் பார்த்தால், 3,704 பேரில் 8 பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கோர்ட் கடிந்துகொண்ட பிறகுதான் பணம் நகர்ந்தது. பட்டியலில் பேர் இருந்தவர்களுக்கே இந்தக் கதி!

சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு வேலை கேரளாவில், வைத்தியம் தமிழ்நாட்டில். 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத்திலேயே மருத்துவ வசதி வேண்டும் என்றது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் அது பொருந்தியது. சின்னத் தோட்டம், தினக்கூலி என்றால் வருகைப் பதிவேட்டில்கூடப் பேர் இருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருக்கிற அந்த ஒரு காகிதம் இவரிடம் இல்லை.

சித்தப்பா பையன் இப்போது அதே வேலைக்குப் போகிறான். போகாதேடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேறு வேலை நான் வாங்கித் தரப் போகிறேனா? ஒன்று மட்டும் கேட்டேன். "தம்பி, அடிக்கிறதுக்கு முன்னாடி டப்பாவில இருக்கற பேரையும் அந்தக் கலர் முக்கோணத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

நேற்று முதல் படம் வந்தது. குயினால்பாஸ், மஞ்சள் முக்கோணம். சிவப்புக்கு அடுத்த படி. தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.