திண்ணை உயரத்தில் ஒரு சீட்

துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கும் அவருக்கு வயது 54. மின் நிலைய ஆர்டர்கள் வற்றிப்போன வருடங்களில், இரண்டு ஷெட்டில் ஒன்றை வாடகைக்கு விட்டு, மனைவியின் நகையை வங்கியில் வைத்துத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர். கடைசித் தவணை முடிந்தது போன வருடம்தான். நகைகள் வீட்டுக்கு வந்த பிறகே அந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னார். ஒரு சொகுசு எஸ்யூவி. பென்ஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 என்று நடுத்தர அளவில் வருகிறதே, அந்த வகை.

"அம்மாவுக்கு முட்டி வலி. டிசையர்ல குனிஞ்சு உட்கார முடியலை" என்பதுதான் எல்லோரிடமும் அவர் சொன்ன காரணம். அதில் பொய் இல்லை. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தபோதுதான், ஸ்ரீரங்கத்தில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தார். தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்வரை, தாழ்ந்த சீட்டில் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவருக்கு மறக்கவில்லை.

வாங்கும் முன் இரண்டு மாதம் ஆராய்ந்தார். முதலில் காசு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு வரி 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது அவருக்குச் சாதகமான செய்தி. சாலை வரிதான் கண்ணைக் கட்டியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்றால் தமிழ்நாட்டில் விலையில் 20 சதவீதம். 75 லட்சம் ரூபாய் வண்டிக்கு அதுவே 15 லட்சம்.

"அந்த வரிப் பணத்துலயே ரெண்டு டிசையர் வாங்கலாம்ங்க" என்றார் மனைவி. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கம்பெனி பெயரில் வாங்கினால் வருடம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், ஆனால் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஆடிட்டர் சொன்னார். டீசல் வேண்டுமென்றால் ஆடியும் வால்வோவும் பட்டியலிலிருந்து விழுந்தன. இரண்டும் இங்கே பெட்ரோல் மட்டும்தான். டீசலில் ஆட்ப்ளூ என்ற திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டார்.

ஷோரூமில் அவர் பார்த்த விதமே வேறு. விற்பனை இளைஞர் திரையைத் தட்டித் தட்டிப் பாட்டும் விளக்கும் காட்டிக்கொண்டிருக்க, இவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை விரலால் தடவிக்கொண்டே போனார். முப்பது வருடம் வெல்டிங்கைப் பார்த்த கண்! ஸ்பேர் வீல் முழு அளவா, ஒல்லியா, அல்லது பஞ்சர் கிட் மட்டுமா என்று டிக்கியைத் திறக்கச் சொன்னார். பின் சீட்டின் நடுவில் தானே உட்கார்ந்து, காலுக்குக் கீழே இருக்கும் மேட்டை உணர்ந்து, "இதுல நாலு பேர்தான் சார்" என்று இளைஞருக்கே சொன்னார். கண்ணாடிக் கூரை உள்ள வண்டியை மத்தியானம் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, பிறகு ஏசி எத்தனை நிமிடத்தில் குளிர்விக்கிறது என்று பார்த்தார். திருச்சி வெயிலில் கார் வாங்குகிற யாரும் செய்ய வேண்டிய சோதனை இது. ஏனோ யாரும் செய்வதில்லை.

டெஸ்ட் டிரைவுக்குச் சென்னை பைபாஸ் போகலாம் என்றார் இளைஞர். "ஸ்ரீரங்கம் போகலாம்" என்றார் இவர்.

பாலம், மாம்பழச் சாலை, ராஜகோபுரம். தேர் ஓடும் சித்திரை வீதியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அம்மாவின் வீடு அதிலிருந்து பிரியும் சந்தில். டிசையரின் அகலம் 1,735 மில்லிமீட்டர், ஜிஎல்சி 1,890. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. சந்தின் வளைவில் நிற்கும் மின்கம்பத்துக்கு அந்தச் சாண் கணக்கு தெரிந்திருந்தது. பக்கக் கண்ணாடிகளை மடக்கியும், கேமராக்கள் நாலு பக்கமும் கூவியும், வண்டி உள்ளே போகவில்லை. இளைஞரின் நெற்றியில் வியர்வை.

சித்திரை வீதியிலேயே நிறுத்திவிட்டு, அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அறுபது எழுபது அடிதான். நடுவில் ஒருமுறை நின்றார் அம்மா. ஏறுவது எளிதாகத்தான் இருந்தது. முன் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொண்டார். குனியவே வேண்டியிருக்கவில்லை. அம்மா மண்டபம் வரை போய்த் திரும்பினார்கள்.

"நன்னா இருக்கு. தூக்கிப் போடவே இல்லை" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "என்ன விலைடா?"

சொன்னார். பாதியாகக் குறைத்துச் சொன்னார்.

அம்மா ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாங்கிக்கோ. கஷ்டப்பட்டிருக்கே. ஆனா எனக்காகன்னு சொல்லாதே. இது வாசல் வரைக்கும் வராது."

அன்று சாயங்காலம் அவர் மட்டும் திரும்பி வந்தார், டிசையரில், பாக்கெட்டில் டேப்போடு. தரையிலிருந்து திண்ணை உயரத்தை அளந்தார். டிசையரின் முன் சீட்டை அளந்தார். சாலை ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடையில், வித்தியாசத்துக்குத் தகுந்த கெட்டி மெத்தை ஒன்று சொன்னார். அழுத்தினால் அமுங்காத ஃபோம், பாவாடைத் துணி போல வழுக்காத உறை. மறுநாளே தைத்துக் கொடுத்தார்கள். அம்மா குள்ளம், தலை கூரையில் இடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஷோரூமுக்குப் போய் முன்பணம் கட்டினார். டீசல், வெள்ளை. கம்பெனி பெயரில் வேண்டாம், தன் பெயரிலேயே போடச் சொன்னார். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் நல்ல விலை தருவதாக இளைஞர் சொன்னபோது, "அது ஸ்ரீரங்கத்து வண்டி, தர முடியாது" என்றார்.