கம்பத்துக்கு மட்டும் மரியாதை

தை முதல் நாளில் வாடிவாசலை விட்டுப் பாயும் காளையின் வேகத்துக்குக் கரகோஷம் செய்தே பழகிய அவனியாபுரத்துக்காரனாகிய நான், சென்ற வாரம் மைத்துனரின் காரில் நான்குவழிச் சாலை வழியே திருமங்கலத்துக்குப் பிரயாணம் செய்தபோது, வேகமுள் நூற்றுப்பத்தைத் தொட்டு நடுங்குவதையும், கேமராக் கம்பம் தூரத்தே தென்பட்டதும் அவர் பாதம் பரம பக்தியுடன் பிரேக்கில் பதிவதையும், கம்பம் கடந்த மறுகணமே அந்தப் பக்தி மறைவதையும் கண்டு, சிரிப்பதா அஞ்சுவதா என்று அறியாமல் உட்கார்ந்திருந்தேன். மடியிலிருந்த தூக்குவாளிச் சாம்பார் மட்டும் என் வேட்டியில் சாட்சியம் எழுதிற்று.

2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் என உச்சவரம்பை உயர்த்த, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிவிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்திய விதியோ, கண்காணிப்புள்ள இடத்தைப் பலகை வைத்து முன்னறிவிக்கவும், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பவும் சொல்கிறது. ஒளிந்திருந்து பிடிப்பது ராஜதர்மமன்று; ஆகவே நியாயந்தான். ஆயினும் இத்தாலியில் 2005 முதல் நடப்பதுபோல, இரு கம்பங்களுக்கிடையே ஆகும் நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணிப்பதே மைத்துனர் போன்றோருக்கு உகந்த ஔஷதம்.

அன்று பிரேக் சற்றே தாமதமாயிற்று என்பது என் சந்தேகம். நோட்டீஸ் வர இன்னும் எட்டு நாட்கள் இருக்கின்றன.